நான் ஒரே நிறமாக்கிய மூன்று படங்கள்

சிங்கப்பூரில் எங்கள் பங்குக் கோயிலின் மாத இதழைக் கணினியில் வடிவமைப்பவள் ஷர்மிளா. போன மாதம் பூசை முடிந்து வெளியே வந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் அச்சகத்தில் வண்ணப் பிரிவில் வேலை பார்த்தவள் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு புகைப்படத்தைத் திறக்கும்போதெல்லாம் மென்பொருள் ஒரு கேள்வி கேட்கிறதாம். இந்தப் படத்தோடு வந்த வண்ணக் குறிப்பு வேறு, நீ வேலை செய்யும் வண்ண அமைப்பு வேறு. படத்தின் நிறத்தை அப்படியே வைத்துக்கொள்ளவா, உன் அமைப்புக்கு மாற்றிவிடவா என்று.

"நான் எப்பவும் கன்வர்ட்தான் அமுக்குறேன் ஆன்ட்டி. எல்லாப் படமும் ஒரே மாதிரி வந்துடும் லா. சரிதானே?"

"பெரும்பாலும் சரிதாம்மா" என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். புக்கிட் பாத்தோக் வீட்டுக்கு வந்து மீனைக் கழுவ உட்கார்ந்தால் கை ஓடவில்லை. இருபத்தைந்து வருடம் நிறத்தோடு மல்லுக்கட்டியவள் அந்தப் பெண்ணுக்குப் பாதிப் பதிலைக் கொடுத்துவிட்டு ஓடிவந்திருக்கிறேன். மீதியை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளட்டும்.

எழுபதுகளின் நடுவில், பள்ளி முடித்த கையோடு ஜூரோங்கில் ஓர் அச்சகத்தில் சேர்ந்தேன். வண்ணப் புள்ளிகளுக்குள் மறைந்திருக்கும் எண்களைப் படிக்கச் சொன்னார்கள். தடுமாறாமல் படித்தேன், வேலை கிடைத்தது. முதல் ஆறேழு வருடங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். இருட்டறை, ஆள் உயரக் கேமரா, ஒரு வண்ணப் படத்தை நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு பிலிம்களாகப் பிரிப்பது, பிறகு தூரிகையில் மருந்து தொட்டு அந்தப் பிலிமின் புள்ளிகளைத் தேய்த்துச் சிறிதாக்குவது. என்னைப் பெண் பார்க்க வந்த அம்மாள் என் நகங்களைப் பார்த்துவிட்டு, "பொண்ணு வெத்தலை போடுமா?" என்று கேட்டார். அவ்வளவு பழுப்பு.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஸ்கேனர் வந்தது. ஸ்லைடைக் கண்ணாடி உருளையில் ஒட்டிச் சுழலவிட்டால் அதுவே நான்கு நிறமாகப் பிரித்துக் கொடுத்துவிடும். முன்பலகை முழுக்கத் திருகுகள். துணி, வானம், இலை எதையும் தொடாமல் முகத்தின் மஞ்சளை மட்டும் குறைக்கலாம், கூட்டலாம். வாரக்கணக்கில் தூரிகை பிடித்த எங்களுக்கு அது மந்திரக்கோல் கிடைத்ததுபோல இருந்தது.

வண்ணப் பிரிவின் சூப்பர்வைசர் ராகவன் சார். கூட்டுகிற அம்மா முதல் மானேஜர் வரை எல்லாருக்கும் அவரிடம் 'நீங்க'தான். கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும். அவர் கையிலிருந்த ஒரே பிரம்பு ஒரு கேள்வி.

"சிவப்பு கொஞ்சம் ஜாஸ்தி சார்."

"எதை வச்சு சொல்றீங்க?"

"கண்ணுக்குத் தெரியுது சார்."

"யார் கண்ணுக்கு? எந்த லைட்ல?"

எங்கள் அறைச் சுவர்கள் சாம்பல் நிறம், மேசை சாம்பல் நிறம், ஜன்னல் கிடையாது, விளக்குகளும் ஒரே வகை. உள்ளே நுழைகிறவர்கள் சாம்பல் நிறக் கோட்டு மாட்டிக்கொள்ள வேண்டும். ஒரு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் புதுச் சிவப்புச் சேலையில், கோட்டில்லாமல் போய் ஒரு மாதிரித் தாளின் மேல் குனிந்தேன். "மேரி, உங்க சேலை நல்லா இருக்கு. அதான் அந்தத் தாள்லயும் தெரியுது" என்றார். அன்றைக்கு முழுவதும் நான் தலை நிமிரவில்லை.

அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. ஒவ்வோர் அச்சு இயந்திரத்துக்கும் அதில் சில பக்கங்கள். இரண்டாம் நம்பர் சிவப்பை அள்ளிப் போடும். நாலாம் நம்பரில் மழை நாளில் நீலம் தளரும். இந்தத் தாளில் மஞ்சள் உறிஞ்சும். எந்த இயந்திரத்தில் ஓடப் போகிறது என்று கேட்டு, அதற்கேற்ப முன்கூட்டியே திருகுகளைக் குறைத்துக் கூட்டுவோம். ஷர்மிளாவின் கணினியில் ப்ரொஃபைல் என்று ஒரு சின்னக் கோப்பாக இருப்பது எங்களிடம் காபிக் கறை படிந்த நோட்டாக இருந்தது.

மாதிரித் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அவர் கையைக் கழுவுவார். வெளியே போய் வாசலில் இருந்த தூங்குமூஞ்சி மரத்தை இரண்டு நிமிடம் பார்ப்பார். "கண்ணையும் கழுவணும்" என்பார். திரும்பி வந்து இடப்பக்கம் அசல், வலப்பக்கம் மாதிரி. முதலில் நிறமே இல்லாத இடங்களைத்தான் பார்ப்பார்: வெள்ளைச் சட்டை, சிமென்ட் தரை, தட்டு. வெள்ளை வெள்ளையாக இருந்தால்தான் மற்ற நிறங்களை நம்பலாம். முகத்தைக் கடைசியில்தான் பார்ப்பார். பிறகு ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கையெழுத்து. அதில்லாமல் எந்த வேலையும் இயந்திரத்துக்குப் போகாது.

சிராங்கூன் சாலைத் துணிக்கடைக்காரர் ஒருவருக்குச் சேலைப் பட்டியல் அச்சடித்தோம். மாம்பழ மஞ்சள் பட்டு ஒன்று. எங்கள் விளக்கில் சேலையும் தாளும் அச்சு அசலாகப் பொருந்தின. கடைக்காரர் தாளை வாங்கிக்கொண்டு போய், கடையிலிருந்து போன் போட்டுக் கத்தினார். "இது என் சேலை இல்லம்மா! இது எலுமிச்சம்பழம் லா!" நான் எங்கள் விளக்குதான் சரி என்று வாதாடினேன். ராகவன் சார் என்னையும் அழைத்துக்கொண்டு கடைக்கே போனார். குழல் விளக்கு வரிசை வரிசையாக எரிந்தது. அங்கே வைத்துப் பார்த்தால் கடைக்காரர் சொன்னதுதான் உண்மை. பட்டு ஒரு மாதிரி மாறியது, மை வேறு மாதிரி மாறியது. "வாங்குறவங்க இந்த விளக்குலதான பார்க்கப் போறாங்க. இதுக்கே செய்வோம்" என்றார். அறையில் கொஞ்சம் தப்பாகத் தெரியும்படி அச்சடித்தோம். கடையில் அது சரியாக இருந்தது. கடைக்காரர் எங்களுக்கு ஆளுக்கொரு பெட்டி அல்வா கொடுத்தார்.

அதிலிருந்து நான் கற்றது என்ன என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. யாருக்காக, எதற்காக என்று கேட்க வேண்டும் என்பதை நான் கற்கவில்லை. வாடிக்கையாளர் முகம் மலர வேண்டும் என்பதைத்தான் கற்றேன். காலண்டர் அழகிகள், பிஸ்கட் டப்பாக் குழந்தைகள், விமானப் பணிப்பெண்கள் எல்லாரும் என் திருகுகள் வழியாகத்தான் போனார்கள். "முகமா? மேரிகிட்ட குடு" என்பது எங்கள் பிரிவில் வழக்கமாகிவிட்டது. பட்டியல்களில் ஒரே அழகி பத்துப் பக்கங்களில் வந்தால், பத்திலும் ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். புகைப்படக்காரர் வெயிலில் எடுத்தாலும் நிழலில் எடுத்தாலும் நான் ஒன்றாக்கிவிடுவேன். தலைக்கனம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருடக் கடைசி. காலண்டர் வேலை மலையாகக் குவிந்திருந்தது. அதற்கிடையில் ஓர் உறை வந்தது. உள்ளே 1, 2, 3 என்று எண் போட்ட மூன்று ஸ்லைடுகள். வேலைச் சீட்டில் 'மருத்துவமனைச் சுவர் அட்டை, மூன்று படம், ஒரே வரிசை' என்று மட்டும் இருந்தது. எழுத்துகள் வேறு பிரிவில் தனியாகக் கோக்கப்பட்டுக் கடைசியில் பிலிமோடு சேரும். அதனால் படத்தின் கீழே என்ன வரப்போகிறது என்பது எனக்குத் தெரியாது. எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். இருபது அடி தூரம்.

மூன்றிலும் ஒரே பச்சைக் குழந்தை. ஒரே வெள்ளைத் துணியின் மேல், ஒரே மாதிரி படுத்திருந்தது. முதல் படத்தில் ரோஜா நிறம், இரண்டாவதில் லேசாக மஞ்சள், மூன்றாவதில் நல்ல மஞ்சள். "ஒரே பிள்ளை மூணு கலரா? எந்தக் கடையில கழுவுனாங்களோ" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிச் சிரித்தேன். நடுப்படத்தை அளவாக வைத்துக்கொண்டு, முதல் பிள்ளைக்கு மஞ்சளைக் கூட்டினேன், மூன்றாம் பிள்ளைக்குக் குறைத்தேன். முக்கால் மணி நேரத்தில் மூன்றும் ஒன்றாகிவிட்டன. அழகாக இருந்தன.

மாதிரித் தாளை எடுத்துக்கொண்டு போனபோது ராகவன் சாரைச் சுற்றி நான்கு பேர் நின்றார்கள். மூன்று இயந்திரங்கள் அவருக்காகக் காத்திருந்தன.

"யார் செஞ்சது?"

"நான்தான் சார்."

"அப்ப சரி" என்று பென்சிலை எடுத்தார். கை கழுவவில்லை, மரத்தைப் பார்க்கப் போகவில்லை, அசலைக் கேட்கவில்லை. அவர் அப்படிக் கையெழுத்துப் போட்டதை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன், எனக்கு அது பெருமையாக இருந்தது. எழுத்து சேர்த்த தாள் மருத்துவமனைக்குப் போனபோது அங்கே அலுவலகத்தில் யாரோ எழுத்துப்பிழை மட்டும் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள். அட்டைகள் அச்சாகி, தாய்சேய் கிளினிக்குகளின் சுவர்களுக்குப் போயின.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் வெள்ளைச் சீருடையோடு ஓர் அம்மாள் எங்கள் பிரிவுக்கு வந்தார். மருத்துவமனையின் குழந்தைகள் வார்டு சிஸ்டர், பெயர் பாக்கியம். கையில் அந்த அட்டை. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"இதுல எந்தப் பிள்ளைக்கு மஞ்சக்காமாலை, சொல்லுங்க பார்ப்போம்."

அப்போதுதான் படங்களின் கீழிருந்த வரிகளைப் படித்தேன். முதல் படத்தின் கீழே 'நலம்'. இரண்டாவதன் கீழே 'நாளை மீண்டும் பார்க்கவும்'. மூன்றாவதன் கீழே 'இன்றே மருத்துவமனைக்கு அனுப்பவும்'. ஒரே குழந்தையை மூன்று வெவ்வேறு நாட்களில் எடுத்த படங்கள் அவை.

"பொங்கோல்ல ஒரு அம்மா, பிறந்த நாலாம் நாள் பிள்ளையைக் கிளினிக்குக்குத் தூக்கிட்டு வந்திருக்காங்க" என்றார் பாக்கியம் சிஸ்டர். "அங்க இருக்கிற மிஸ்ஸி, அந்த நர்ஸ், வேலைக்குப் புதுசு. இந்த அட்டைக்குப் பக்கத்துல பிள்ளையை வச்சுப் பார்த்தாங்க. முதல் படம் மாதிரியே இருந்துச்சு, அதுலயே நின்னுட்டாங்க. 'நல்லா இருக்கான், பயப்படாதீங்க'ன்னு அனுப்பிட்டாங்க. ஆறாம் நாள் பிள்ளை பால் குடிக்கல, உடம்பை வில்லா வளைக்குது. இப்ப என் வார்டுல இருக்கான். ரத்தத்தையே மாத்தியிருக்கோம்."

"பிழைச்சுக்குவானா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"பிழைச்சுக்குவான். மூளைக்கு, காதுக்கு என்ன ஆச்சுன்னு இப்பச் சொல்ல முடியாது."

ராகவன் சார் ஸ்லைடுகளை எடுத்து விளக்கு மேசையில் வைத்தார். நிறத்தின் அடர்த்தியை அளக்கும் கருவியை, பிள்ளையின் மேல் அல்ல, அந்த வெள்ளைத் துணியின் மேல் வைத்தார். மூன்றிலும் ஒரே எண். பிலிம் கெட்டிருந்தால் துணியும் மஞ்சளாகியிருக்க வேண்டும். துணி வெள்ளையாகவே இருந்தது. மஞ்சள் பிள்ளையின் உடம்பில்தான் இருந்தது.

"துணியைப் பார்த்தீங்களா மேரி?"

"பார்க்கல சார்."

"நானும் பார்க்கல" என்றார். பிறகு சிஸ்டரிடம் திரும்பி, "கையெழுத்து என்னுதுங்க" என்றார்.

அன்றைக்கே காலண்டர் வேலையை நிறுத்தினார். மானேஜர் குதித்தார், இவர் குரல் தாழ்ந்துகொண்டே போனது. இரண்டு வேன்களில் ஆள் அனுப்பி ஒவ்வொரு கிளினிக்கிலிருந்தும் அட்டைகளைக் கழற்றி வரச் செய்தார். சாயங்காலம் தரையில் உட்கார்ந்து எண்ணினோம். ஒன்று குறைந்தது. அது பாக்கியம் சிஸ்டரின் கையில் இருந்தது என்று நினைவு வரும்வரை எங்களுக்கு உயிரே இல்லை.

மறுநாள் நான் வார்டுக்குப் போனேன். நான்கு மைகளையும் வெவ்வேறு அளவில் கலந்து அச்சடித்த கட்டங்கள் கொண்ட புத்தகத்தைக் கையில் எடுத்துப் போயிருந்தேன். அன்று காலையில் சேர்த்த ஒரு குழந்தையின் நெற்றியில் பாக்கியம் சிஸ்டர் கட்டைவிரலை மெல்ல அழுத்தி எடுத்தார். விரல் பட்ட இடத்தில் ரத்தம் விலகி, அடியிலிருந்த மஞ்சள் ஒரு கணம் தெரிந்து மறைந்தது. "இதைத்தான் நாங்க தேடுவோம்" என்றார். நான் கட்டம் கட்டமாக ஒப்பிட்டு எண் குறித்தேன்.

பக்கத்துத் தொட்டிலருகே ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். பொங்கோலிலிருந்து வந்தவள், பெயர் கமலா. கணவர் கோழிப் பண்ணையில் லாரி ஓட்டுகிறவர். என்னை மருத்துவமனை ஆள் என்று நினைத்துக்கொண்டாள். "எனக்கு அப்பவே மனசு கேக்கலக்கா. ஆனா மிஸ்ஸி அந்தப் படத்தைக் காட்டி, பாரு இதே மாதிரிதான் இருக்கான்னு சொன்னாங்க. நானும் பார்த்தேன், அப்படியேதான் இருந்துச்சு. அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்குனேன்."

நான் புத்தகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

புது அட்டையை நாலாம் நம்பர் இயந்திரத்தில் ஓட்டினோம். ராகவன் சார் ஒவ்வொரு ஐம்பதாவது தாளையும் எடுத்துத் துணியை அளந்தார். பாக்கியம் சிஸ்டரே வந்து கையெழுத்திட்டார். நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை விட்டது: பழைய அட்டையைப் பற்றி அந்தக் குடும்பத்தோடோ கிளினிக்குகளோடோ யாரும் பேசக் கூடாது, வழக்கு வரலாம். நான் கீழ்ப்படிந்தேன். வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறு காரணம் இல்லை. ஞாயிறுதோறும் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன் வரிசையில் நின்றேன். சாமியாரிடம் சொல்வது சுலபமாக இருந்தது.

எட்டு மாதம் கழித்து பாக்கியம் சிஸ்டர் போன் செய்தார். பிள்ளை நடமாட்டமெல்லாம் நன்றாக இருக்கிறதாம், ஆனால் இரண்டு காதும் கேட்கவில்லை. முதல் முறையே அனுப்பியிருந்தால் கேட்டிருக்குமா என்று கேட்டேன். "கேட்டிருக்கலாம். உறுதியா யாராலும் சொல்ல முடியாது" என்றார்.

ராகவன் சாரிடம் போய்ச் சொன்னேன். "படம்தான் தப்புன்னு அந்த அம்மாவுக்கு இன்னும் தெரியாது சார். பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க." பென்சிலைச் சீவியபடியே கேட்டுக்கொண்டார். "வேலை போனா என் பேரைச் சொல்லுங்க. ஆனா போகாம இருக்கீங்களே, அது எதை வச்சு?" என்றார்.

அந்தச் சனிக்கிழமை பொங்கோலுக்குப் போனேன். தகரக் கூரை வீடு. கமலா என்னை அடையாளம் கண்டுகொண்டு உள்ளே கூப்பிட்டாள். பிள்ளை தரையில் உட்கார்ந்து ஒரு பால்மாவு டின்னைத் தட்டிக்கொண்டிருந்தான். கையில் வரும் அதிர்வுக்காகத்தான் தட்டுகிறான் என்று அவள் சொன்னாள். பிறகு அவளே தொடர்ந்தாள். "அந்த மிஸ்ஸி இருக்காளேக்கா, அவ மூஞ்சில நான் முழிக்கிறதே இல்ல. ஊசி போடக்கூட டாக்சி பிடிச்சு வேற கிளினிக்குக்குத்தான் தூக்கிட்டுப் போறேன். எல்லார் முன்னாடியும் திட்டிட்டேன். கண்ணு குருடான்னு கேட்டேன்."

"கமலா, அவங்க பார்த்தது சரிதான். படம்தான் தப்பு" என்றேன். "அந்தப் படத்தோட நிறத்தை மாத்துனது நான்."

அவளுக்குப் புரிய நேரமாயிற்று. ஸ்லைடு, மஞ்சள், வெள்ளைத் துணி என்று நான் உளறினேன். அவள் அழுவாள், அடிப்பாள், வெளியே போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். எதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் எழுந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள், கதவைச் சாத்தினாள், செருப்பைப் போட்டாள்.

"வாங்க" என்றாள்.

செம்மண் பாதையில் கால்மணி நேரம் நடந்தோம். அவள் முன்னால், நான் பின்னால். கிளினிக்கில் ஏழெட்டுத் தாய்மார்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். மிஸ்ஸி ஒரு மலாய்ப் பெண், இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. கமலாவைப் பார்த்ததும் எடைத் தராசின் பின்னால் ஒதுங்கி நின்றாள்.

"எங்கிட்ட சொன்னதை இவங்ககிட்டயும் சொல்லுங்க" என்றாள் கமலா.

எனக்குத் தெரிந்த மலாயில், எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். வீட்டில் சொன்னதைவிட இங்கே சொல்வது கடினமாக இருந்தது. முடிக்கும்வரை மிஸ்ஸி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். எட்டு மாதமாகத் தன் கண்ணையே நம்பாமல் இருந்தாளாம். ஒவ்வொரு பிள்ளையையும் வேறொருவரைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவாளாம். இதைப் பிறகு அங்கிருந்த ஓர் அம்மாள் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

கமலா என்னை அன்றும் மன்னிக்கவில்லை, அதற்குப் பிறகும் மன்னிக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. அவள் என்னைத் தாண்டிப் போய் மிஸ்ஸியின் முன்னால் நின்றாள். மிஸ்ஸி கைகளை முகத்திலிருந்து எடுக்கும்வரை காத்திருந்து, பிள்ளையை அந்தக் கைகளில் கொடுத்தாள்.